கிரீடத்துக்கு எடம் வுடாத சப்பரம்

மந்தவெளில மெஹபூப் அலி பாயோட மர வேலைக் கடை வாசல்ல தான் நான் மீன் கூடைய வெச்சுக்கினு குந்துறேன். எம் புருஷன் செத்ததுலேர்ந்து எனக்கு இது தான் எடம். அந்த ஆளப் பத்திக் கேட்டா அவன் பொண்டாட்டி ஷாகிராவ விட நான் நல்லா சொல்லுவேன். அவ வூட்டுல கீறவன மட்டும் தான் பாத்திருக்கா. வாய் அடிக்கிறவன பாத்தது நானு.

கடைன்னா பெருசா நெனச்சுக்காதீங்க. ஒரு ஆட்டோவ உள்ள வுட்டா ஷட்டர இழுக்க முடியாது. ரெடிமேட் ஒண்ணும் கெடையாது. வந்து கேக்குறவங்களுக்கு, அவங்க வூட்டு அளவுக்குத் தான் செய்வான். ராஜா அண்ணாமலைபுரத்துல மாடிப்படிக்குக் கீழ செருப்பு அலமாரி, மயிலாப்பூர் மாமிக்கு சாமி அலமாரி, இப்படி. டேப் புடிக்க மாட்டான். மெல்லிசா ஒரு ரீப்பர் கட்டை வெச்சிருப்பான். அத சுவத்துக்கிட்டயோ பொருளுக்கிட்டயோ நிறுத்தி, பென்சிலால ஒரு கோடு இழுப்பான். அந்தக் கோட்டுக்கு மேல நாலு விரல் எடம். அதுக்கு மேல வுட்டா அளவு தெரியாதவன் வேலைன்னு சொல்லுவான்.

வேலை சுத்தம் தான். வாய் தான் நாறும். என் வாயே நாறும், அதனால சொல்றேன்.

அதே தெருவுல ஜான்சன்னு இன்னொரு கார்பெண்டர் கீறான். அவன் ஒரு வாட்டி அடையார்ல மூணாவது மாடி வூட்டுக்குத் துணி அலமாரி செஞ்சான். கடையிலயே முழுசா சேத்து மூட்டிட்டான். எடுத்துக்கினு போனா படிக்கட்டு மொனையில திரும்பல. நடு ரோட்டுல வெச்சு ரெண்டா அறுத்துத் தான் மேல ஏத்துனான். இந்தக் கதைய பாய் டீக்கடையில எத்தினி வாட்டி சொல்லியிருப்பான். டீ கிளாஸ அலமாரியா வெச்சு, "மச்சி, இப்பிடி சாய்ச்சாங்க, வரல. அப்பிடி சாய்ச்சாங்க, வரல"ன்னு ஆடிக் காட்டுவான். ஜான்சன் அங்கயே தான் குந்திக்கினு இருப்பான். சிரிக்கவும் மாட்டான், எழுந்து போவவும் மாட்டான்.

போன வருஷம் எங்க பட்டினப்பாக்கம் குப்பத்துலேர்ந்து ஏசுராஜ் வந்தான். மாதா கோயிலு வேலையெல்லாம் பாத்துக்கறவன். திருவிழால மாதாவ வெச்சுத் தோள்ல தூக்கினு போற சப்பரத்த கரையான் தின்னுடுச்சு, புதுசா வோணும்னான்.

"என்னாண்ட வுட்டுடு நைனா. நூறு வருஷம் நிக்கும்"னான் பாய்.

கோயிலுக்குப் போயி மாதா பக்கத்துல கட்டைய நிறுத்துனான், தலைக்கு நேரா கோடு இழுத்துக்கினு வந்தான். அப்புறம் வேற வேலையே எடுக்கல. நாலு காலுலயும் திராட்சைக் கொடி செதுக்குனான். கூரை மேல நட்சத்திரம். போறவன் வர்றவன எல்லாம் கூப்ட்டுக் காட்டுனான். ஜான்சன் தாண்டிப் போனப்ப, "இது படிக்கட்டுல திரும்பும்பா"ன்னு ஒரு சத்தம் குடுத்தான்.

திருவிழா சாயங்காலம் நானும் போயிருந்தேன். எங்களுக்கு அம்மன் கோயிலு தான், ஆனா மாதா கெளம்புனா குப்பமே போவும். மாதாவ சப்பரத்துல ஏத்துனாங்க. கச்சிதமா நின்னுச்சு. பாய் நெஞ்ச நிமித்திக்கினு நிக்கிறான். அப்ப ஏசுராஜ் பொண்டாட்டி எஸ்தர் பட்டுத் துணியில சுத்தி கிரீடத்த எடுத்துக்கினு வந்தா.

அந்தக் கிரீடம் திருட்டுக்குப் பயந்து வருஷம் பூரா அவங்க வூட்டு டிரங்குப் பொட்டியில தான் கெடக்கும். திருவிழாக்கு மட்டும் தான் மாதா தலையில ஏறும். ஒரு சாண் ஒசரம். பாய் வுட்டது நாலு விரல்.

கூரையில இடிச்சுது. சாய்ச்சுப் பாத்தாங்க, போவல.

"டேய் ஏசுராஜு, கிரீடம் கீதுன்னு சொல்லலியா நீ?"ன்னேன்.

"கிரீடம் கீறது யாருக்குத் தெரியாதுக்கா? இத போயி சொல்லுவாங்களா?"

"வெறுந்தலையா கூட்டினு போனா வேண்டிக்கினவங்க மனசு இன்னா ஆவும்"னு எஸ்தர் அழுவ ஆரம்பிச்சுட்டா. கூட்டத்துல ஒருத்தரு, "பாய்க்கு நம்ம வழக்கம் இன்னா தெரியும், வுடுங்க"ன்னாரு.

அந்தப் பேச்ச புடிச்சுக்கினு பாய் தப்பிச்சிருக்கலாம். நான் அவன் மொகத்தையே பாத்துக்கினு இருந்தேன்.

"தெரியும்"னான் பாய். "வருஷா வருஷம் என் கடை வாசல் வரைக்கும் தான வருது. கிரீடத்தோட தான் பாத்துக்கினு கீறேன்."

கூட எடுத்தாந்த சாமான் பையிலேர்ந்து ரம்பத்த எடுத்தான், கீழ வெச்சான். மரத்த அறுத்துக் கொறைக்கலாம், வளக்க முடியுமா?

கூட்டத்துல ஜான்சன் வெள்ளச் சட்டை போட்டுக்கினு குடும்பத்தோட நின்னுக்கினு இருந்தான். அவன் கும்புடுற சாமியாச்சே. வந்து காலையும் கூரையும் தடவிப் பாத்தான். வண்டிய எடுத்துக்கினு போயிட்டான். திரும்பி வந்தப்போ நாலு தேக்குக் கட்டை, போல்ட்டு, டிரில் மிஷின். சட்டையக் கழட்டி எஸ்தர் கையில குடுத்தான்.

"பாய், அந்தப் பக்கம் புடி"ன்னான்.

அவ்ளோ தான் பேச்சு. கூரையக் கழட்டி, நாலு கால் தலையிலயும் ஒட்டு குடுத்து, மேல ஏத்தி முடுக்குனாங்க. பாய் போல்ட்ட ரெண்டு வாட்டி கீழ வுட்டான், ஜான்சன் அத பாக்காத மாரி வேற பக்கம் திரும்பிக்கினான். ஒட்டு தெரியாம மல்லிப்பூ சுத்துனாங்க. மாதா கிரீடத்தோட கெளம்புச்சு. மந்தவெளிக்கு வந்தப்போ பாய் கடையில லைட்டு இல்ல. ஷட்டர் எறங்கிக் கெடந்துது.

படிக்கட்டுன்னு ஒரு வார்த்தை ஜான்சன் எடுத்திருந்தா பாய் பதிலுக்குக் கத்தியிருப்பான், பொழச்சிருப்பான். அந்தப் புண்ணியவான் எடுக்கல.

பத்து நாள் பாய் டீக்கடைப் பக்கமே போவல. நான் தான் திட்டி அனுப்புனேன். போயி குந்துனதும் ஆட்டோ ஓட்டுற பசங்க, "பாய், அந்த அலமாரி கதைய சொல்லு, ரொம்ப நாளாச்சு"ன்னானுங்க. ஜான்சன் எதிர்ல தான் கீறான்.

"எனக்கு ஞாபகம் இல்லப்பா"ன்னான் பாய்.

"நான் சொல்றேன்"னு ஜான்சன் கிளாஸ கையில எடுத்தான். "இப்பிடி சாய்ச்சேன், வரல. அப்பிடி சாய்ச்சேன், வரல." பசங்க வயித்தப் புடிச்சுக்கினு சிரிச்சானுங்க. சொல்லி முடிச்சு, மிச்ச டீயக் குடிச்சுட்டுப் போயிட்டான். கிரீடக் கதையப் பத்தி மூச்சே வுடல.

பாய் தலையக் குனிஞ்சுக்கினு கடைக்கு வந்து எங்கூடை பக்கத்துல குந்துனான்.

"அதையும் சொல்லியிருக்கலாம்ல பாஞ்சாலிம்மா."

"அவன் சொல்ல மாட்டான். உன் வாய் தான நீளம், நீயே போயி சொல்லு. அப்பிடியே அவனாண்ட மன்னிப்பும் கேளு."

இன்னிக்கு வரைக்கும் கேக்கல. ஜான்சனோட கடையத் தாண்டணும்னா பாய் ரோட்டுக்கு அந்தாண்ட ஏறிப் போறான். ஆனா ஒண்ணு, இப்பல்லாம் ரீப்பர நிறுத்திக் கோடு போட்டதும், "இதுக்கு மேல எதுனா வெப்பீங்களா"ன்னு கேக்குறான். செருப்பு அலமாரிக்குக் கூட.