அறுபதாம் கல்யாணத்துத் தாலி

எங்கள் கல்யாணம் தாலி இல்லாமல் நடந்தது. திண்டுக்கல்லில் ஒரு மண்டபம். ஐயர் கிடையாது, மேளம் கிடையாது, இரண்டு மாலையும் ஒரு மைக்கும்தான். மாவட்டத்துப் பேச்சாளர் ஒருவர் பெண் விடுதலையைப் பற்றி நீட்டி முழக்கியதில் சாம்பார் ஆறிப்போனது. டீச்சர் வேலையில் இருந்த எனக்கு ஆட்சேபம் ஒன்றும் இல்லை. பிடித்த மனிதர், கயிறு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று இருந்தேன். கொள்கை அவருடையது. எனக்கு அவர் போதும்.

நிலக்கோட்டைப் பக்கம் பூந்தோட்டம் வைத்திருந்த என் அம்மாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. மாலை மாற்றப் போகும் நேரத்தில் மேடைக்கே வந்துவிட்டாள். முந்தானையில் முடிந்து வைத்திருந்த மஞ்சள் கயிற்றை எடுத்து நீட்டி, “மாப்ள, தங்கம் வேணாம். இந்தக் கயித்த மட்டுமாச்சும் கட்டிருங்க. ஊருக்குள்ள தலகாட்ட முடியல” என்றாள்.

அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அவர் மைக்கில் சொன்னார்.

“அத்தை, கயிறு மாட்டுக்குத்தான். மனுசிக்கு இல்ல.”

மண்டபம் முழுக்கக் கைதட்டல். அம்மா கயிற்றை மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டு இறங்கினாள். சாப்பிடாமலே பஸ் ஏறிவிட்டாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவள் கை நனைத்ததில்லை. எங்கள் பக்கம் ஒரு வீட்டின் மேல் மனத்தாங்கல் என்றால் அப்படித்தான். வருவார்கள், பேசுவார்கள், அங்கே சாப்பிட மட்டும் மாட்டார்கள். பேரப்பிள்ளையைப் பார்க்க வரும்போதுகூடத் தூக்குவாளியில் தன் சோற்றைக் கொண்டுவந்து, வாசற்படியில் உட்கார்ந்து தின்றுவிட்டுப் போவாள். உள்ளே நான் ஆக்கிய குழம்பு அடுப்பில் இருக்கும். “ஒரு கயித்துக்கு இம்புட்டு வீம்பா?” என்று அவர் சிரிப்பார். அவருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை.

அவர் ஒரே நாளில் மாறிவிடவில்லை. கவுன்சிலர் சீட் அவருக்கு வராமல் நேற்றுக் கட்சியில் சேர்ந்த ஒருவனுக்குப் போனபோது கட்சியைத்தான் திட்டினார், கொள்கையைத் திட்டவில்லை. பிறகு நெஞ்சுவலி வந்து மதுரையில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஊரில் தெருத்தெருவாக அவரோடு போஸ்டர் ஒட்டித் திரிந்த கட்சிக்காரன் ஒருத்தன்கூட எட்டிப் பார்க்கவில்லை. எங்கள் தெருக்கோயில் கமிட்டிக்காரர்கள் வந்தார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் கூட இருந்தார்கள், எனக்கு இட்லி வாங்கி வந்தார்கள். அவர்கள் எல்லாம் எதிர்க்கட்சி.

ஊருக்குத் திரும்பியதும் அவர் டீ குடிக்கும் கடை மாறியது. மற்றதெல்லாம் அதன் பின்னால் தானாக வந்தது. “அவங்க மனசு நோகக் கூடாதுல்ல” என்று நெற்றியில் திருநீறு வந்தது. “டாக்டரே நடக்கச் சொல்லியிருக்காரு” என்று பழனிக்குப் பாதயாத்திரை போனார். அப்புறம் வேட்டியின் கரையும் மாறியது. ஆட்கள் யோசித்துப் பார்த்துக் கட்சி மாறுவதாக டிவியில் மணிக்கணக்காகப் பேசுகிறார்கள். நான் பார்த்தவரை முதலில் கூட்டாளிகள்தான் மாறுகிறார்கள். யோசனை நொண்டிக்கொண்டு பின்னால் வருகிறது. இதற்காக அவரை நான் ஒன்றும் சொல்லவில்லை. சாகக் கிடந்தவர், பக்கத்தில் இருந்தவர்களை நம்பினார்.

அறுபது நெருங்கியபோது, பழனியில் வைத்து அறுபதாம் கல்யாணம் செய்ய வேண்டும், எனக்குத் தாலி கட்ட வேண்டும் என்று ஆரம்பித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“கயிறு மாட்டுக்குன்னீங்களே?”

“அதெல்லாம் கட்சிக்காகப் பேசுறது. உள்ளுக்குள்ள நான் எப்பவும் முருக பக்தன்தான்.”

மாறிவிட்டேன் என்று சொல்லியிருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். எப்பவும் என்கிறாரே! அப்படியானால் என் அம்மாவை மேடையிலிருந்து இறக்கி அனுப்பியது யார்? முடியவே முடியாது என்று சொல்லிவிட்டேன்.

அவர் நேராக அம்மாவிடம் போய்விட்டார். மறுநாள் அவளிடமிருந்து போன். “மாப்ள வந்து கூப்ட்டாருடி. அவரு கட்டட்டும். அன்னைக்கு வந்து ஒங்க சோத்துல கை நனைக்கிறேன்.” எண்பதைத் தாண்டிய குரல் அப்படிக் குழைந்து நான் கேட்டதில்லை. கழுத்தை நீட்டச் சம்மதித்தேன். அவருக்காக இல்லை.

தாலி ஏறியது, அட்சதை விழுந்தது. முதல் பந்தியில் அம்மாவை உட்கார வைத்து, பரிமாறுகிறவர் கையிலிருந்து வாளியை வாங்கி நானே சோறு போட்டேன். பருப்பும் ஊற்றினேன். அம்மா பிசைய ஆரம்பித்தாள். பக்கத்து இலையில் இருந்த கோயில் கமிட்டித் தலைவர், எதிரே நின்ற என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கிண்டலாகக் கேட்டார்.

“ஏண்ணே, இந்தத் தாலிய அன்னைக்கே கட்டிருக்கலாம்ல?”

“நான் கட்டுறேன்னுதாண்ணே சொன்னேன். இவதான் ஒத்துக்கல. டீச்சரம்மால்ல, கொள்கைக்காரி!”

பந்தியே சிரித்தது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்கிறவரின் கூச்சம் துளியும் அதில் இல்லை. சொன்னதை அவரே நம்பிவிட்டிருந்தார். இத்தனை வருஷம் ஒன்றாக வாழ்ந்ததில் அப்படி ஒரு அடி எனக்கு விழுந்ததில்லை.

அம்மாவின் கை இலையிலேயே நின்றுவிட்டது. “நீ சொல்லித்தான் மாப்ள மைக்குல அப்படிப் பேசுனாராடி?”

இல்லை என்று சொன்னால் அம்மா எழுந்துவிடுவாள். அவளை எனக்குத் தெரியும். பொய் சொன்னவன் போடும் சோற்றை அவள் தொடமாட்டாள்.

“ஆமாம்மா” என்றேன். “நான் சொல்லித்தான்.”

“பாவம், அந்த மனுசன இம்புட்டு நாளும் கரிச்சுக் கொட்டிட்டேனே” என்றாள். பிறகு குனிந்து முதல் கவளத்தை வாயில் வைத்தாள்.

“பருப்புல உப்புப் பத்தலடி.”

உப்பு எடுத்து வரப் போனேன்.