பாறை இடுக்கில் ஒரு 'இஞ்சருங்கோ'

பாலைவனத்தில் வழி காட்டுவது பெரிய வேலை இல்லை. நம்மவர்களைக் கூட்டிக்கொண்டு போய் வழி காட்டுவதுதான் வேலை. லூர்து மாதா கோயிலுக்கு பஸ் பிடித்து ஆட்களை ஏற்றி இறக்கியவர்களுக்கு என் பாடு விளங்கும். நான் பாரிஸில் ஒரு நடைப்பயண நிறுவனத்தில் வழிகாட்டி. ஜோர்தான் பாலைவனத்தின் மணற்பாறை இடுக்குகளுக்குள் வெள்ளைக்காரர்களை நடத்திக்கொண்டு போவேன். பாரிஸின் லாச்சப்பல் பகுதித் தமிழர்களையும் கூட்டிப் போகலாம் என்று நானே வாயைக் கொடுத்தேன். முதலாளியம்மா ஒரேயொரு குழுவுக்குச் சம்மதித்தா. ஏதாவது பிசகினால் வேலை போய்விடும். பழையபடி உணவகத்தில் கோப்பை கழுவ வேண்டியதுதான்.

தேத்தண்ணிக்கடை வகுப்பு

புறப்பட முன்னர் லாச்சப்பலுக்குப் பக்கத்து மார்க்ஸ் டோர்மோயில் ஒரு தேத்தண்ணிக்கடையில் குழுவில் சேர்ந்த நாலு தம்பதிகளையும் இருத்தி விதிகளைச் சொன்னேன். செருப்பு வேண்டாம், சப்பாத்து. தனியாக எங்கும் போகக்கூடாது. அங்கே போன் வேலை செய்யாது. யாரையாவது காணவில்லை என்றால் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். ஆண்கள் தலையாட்டினார்கள். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். பாரிஸ் புறநகர் பியர்ஃபித்திலிருந்து வந்த புஷ்பமக்கா, பக்கத்திலிருந்த கணவரைக் கண்ணால் காட்டிச் சொன்னா:

"முப்பது வருசமா வாயிலை வராத பேர் தம்பி, மணலுக்கை போய் வருமோ?"

மூன்று தண்ணீர்

பாலைவனத்தில் முதல் நாள் பின்னேரம் எங்கள் பெதுயின் இனத் துணைவழிகாட்டி சலீம் ஒட்டகத்திலிருந்து தண்ணீரை இறக்கி வைத்தான். குடிக்க, சமைக்க, எல்லாவற்றுக்கும் அதுதான். புஷ்பமக்கா பெட்டிக்குள் அரிசியும் கறித்தூளும் கொண்டு வந்திருந்தா. நான் கூடாரம் அடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், அரிசி கழுவிய மூன்றாவது தண்ணீர் மணலில் போய்க்கொண்டிருக்கிறது. சலீம் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

அடுத்த நாள் முகம் கழுவத் தடை போட்டேன். ஒருவரும் கோபிக்கவில்லை, சோறு அவ்வளவு நன்றாக இருந்தது. சலீமே இரண்டாந்தரம் போட்டுச் சாப்பிட்டான். அக்காவுக்கு மட்டும் திருப்தியில்லை:

"இன்னொருக்காக் கழுவியிருக்கோணும், உம்மடை முகத்தைப் பாத்துத்தான் விட்டனான்."

நாலு தலைகள்

அன்றைக்கே இடுக்குக்குள் இறங்கினோம். இரு பக்கமும் சிவப்புச் சுவர், நடுவில் ஓராள் போகும் வழி. ஒரு சொல் சொன்னால் எல்லாப் பக்கத்திலிருந்தும் திரும்பி வரும். பின்னால் யாரோ ஒரு பெண், எங்கள் மனைவிமார் பெயருக்குப் பதிலாகக் கணவனைக் கூப்பிடும் "இஞ்சருங்கோ"வைச் சொன்னா. முன்னால் போன நாலு கணவன்மாரும் ஒன்றாகத் திரும்பினார்கள்.

கூப்பிட்டது கூசேன்வில் என்ற இன்னொரு புறநகரிலிருந்து வந்த அக்கா, தண்ணீர் கேட்டு. போத்தலோடு ஓடி வந்தவரோ புஷ்பமக்காவின் கணவர், லாச்சப்பலில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் தருமகுலசிங்கம் அண்ணை. புஷ்பமக்கா அவரை வழியிலேயே மறித்தா:

"வீட்டிலை எத்தினை தரம் கூப்பிட்டாலும் கேளாது. இனி ஆர் கூப்பிட்டாலும் நீங்கள் அசையப்படாது."

பெயரில்லாத மனிதர்

பொழுது சாயும் நேரத்தில் ஆட்களை எண்ணினால் தருமகுலசிங்கம் அண்ணையைக் காணவில்லை. கடைக்குப் போன் எடுக்க சிக்னல் தேடிப் போனாராம். எந்தக் கிளை இடுக்குக்குள் என்று ஒருவருக்கும் தெரியாது. அவருடைய தண்ணீர்ப் போத்தலும் புஷ்பமக்காவின் கையில். உள்ளே ஆளை விழுங்கும் பள்ளங்கள். இருட்டினால் நாங்களும் தேடிப் போக முடியாது. கோப்பை கழுவும் தொட்டி எனக்குக் கண்ணில் தெரிந்தது. ஆனால் ஒவ்வொரு இடுக்கு வாயாக ஓடிப் பார்த்தது அந்த மனுசனை நினைத்துத்தான்.

புஷ்பமக்கா "இஞ்சருங்கோ" என்று கத்தினா. வயதில் மூத்தவரைப் பெயர் சொல்ல வராமல் நானும் "அண்ணை, அண்ணை" என்று கத்தினேன். ஒவ்வொரு தரமும் மற்ற மூன்று கணவன்மாரும் ஓடி வந்தார்கள். வர வேண்டியவர் வரவில்லை. சலீம் என் தோளைப் பிடித்து, தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் கேட்டான்:

"இந்த மனிதனுக்கு வீட்டில் பெயரே வைக்கவில்லையா?"

கூப்பிட்ட பெயர்

அக்கா அவனைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. பிறகு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "தருமகுலசிங்கம்" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினா. பாறை முழுக்க அந்தப் பெயரைச் சொன்னது.

கொஞ்ச நேரத்தில் பக்கத்து இடுக்கிலிருந்து சப்பாத்துச் சத்தம். பிரெஞ்சு அரசின் பிரிபெக்சர் அலுவலகத்தில் கொடுத்த வதிவிட அட்டையை ஒரு கையில் தூக்கிப் பிடித்தபடி அண்ணை ஓடி வந்தார். அக்கா அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதா. முதலிலேயே ஏன் வரவில்லை என்று நான் கேட்டேன்.

"ஆர் கூப்பிட்டாலும் அசையப்படாது எண்டு இவ சொன்னவ, இருந்திட்டன். பிறகு பேரை முழுசாக் கூப்பிட்டுக் கேட்டுது. அப்பிடிக் கூப்பிடுறது பிரிபெக்சரிலை காட் குடுக்கேக்கை மட்டுந்தானே, அதுதான் ஓடி வந்தனான்."

வேலை போகவில்லை, முதலாளியம்மா மேலும் தமிழ்க் குழுக்களுக்குச் சம்மதித்தா, ஆனால் இப்போதெல்லாம் ஒவ்வொரு தமிழ்க் குழுவும் புறப்பட முன்னர், அதே தேத்தண்ணிக்கடையில் மனைவிமாரைக் கணவர் பெயரை உரத்துச் சொல்ல வைப்பதுதான் இந்தத் தொழிலில் எனக்கு உயிர் போகிற கட்டம்.