வெயில் தாங்கும் பூ

"மேல் கழுவச் சவர்க்காரம் இருக்கோ?" என்று கேட்டேன்.

"மாடி கழுவறதுக்கா? பவுடர் கீதும்மா," என்றார் தி. நகர் கடைக்காரர். பிறகு வழக்கமான கேள்வி: "கேரளாவா?"

யாழ்ப்பாணம் என்றேன். உடம்புக்குப் போடும் சோப்பு என்று விளங்கப்படுத்தி வாங்கிவந்தேன். தமிழ் பேசும் ஊரில் தமிழில் கேட்டுத் தோற்றுப்போனதை ஊரிலிருந்து வாசிக்கும் நீங்கள் நம்புவீர்களோ தெரியாது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. என் கணவர் சுவிஸில் ஒரு மலை ஹோட்டலில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். அகதி வழக்கு முடியும்வரை அவர் நாட்டைவிட்டு வெளியேற முடியாது. அவர் வென்றால்தான் எனக்கு விசா. ஊரில் தாவரவியல் படிப்பித்த நான், இங்கே மொட்டைமாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறைக்குள் மூன்றாவது கோடையாக வெந்துகொண்டிருந்தேன். பள்ளிகள் எதுவும் என்னை வேலைக்கு எடுக்கவில்லை. கணவர் என் முகப்படம் ஒன்று கேட்டார்; விசாவுக்காக இருக்கும் என்று நினைத்து அனுப்பிவைத்தேன்.

பதிலுக்கு ஒரு சின்னக் கிரீம் டப்பா வந்தது. கூடவே கடிதம்: "இது எடல்வைஸ் என்ற மலைப்பூவின் சாறு சேர்த்தது. அந்தப் பூவின் மேல் கம்பளிபோல வெள்ளை மயிர். உச்சி மலையின் கொடும் வெயிலிலும் அது கருகாதாம். வெயில் பட்ட தோலுக்கு நல்லது என்று இங்கே பூசுகிறார்கள். படத்தில் பார்த்தேன், உம்முடைய கன்னத்தில் கறுப்பாக மங்கு விழுந்திருக்கிறது."

எனக்குக் கோபம்தான் வந்தது. கீழ்வீட்டுச் சரோஜா அக்கா டப்பாவை மோந்து பார்த்தார். "ஆசையா அனுப்பிச்சுகிறாரு, தடவிக்கோம்மா."

தடவினேன். குளிர்நாட்டுக் கிரீம் சென்னை வேர்வையில் உருகிக் கண்ணுக்குள் இறங்கியது. மங்கு அப்படியே இருந்தது.

ஞாயிறு மதியம் தொலைபேசிப் பூத்திலிருந்து கணவரை அழைத்தேன். "என்ர முகம் வடிவில்லை எண்டுதானே கிரீம் அனுப்பினனீங்கள்? விசா என்னமாதிரி?"

"வழக்குத் தள்ளுபடியாகி ரெண்டு மாசம். அப்பீல் போட்டிருக்கிறன். படம் விசாவுக்கு இல்லை. உம்மைப் பார்க்கவேணும்போல இருந்தது."

கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று அழுதேன். வெளியே வரிசையில் நின்றவர் கதவைத் தட்டினார்.

அந்த வாரம் காவல் நிலையத்தில் வெளிநாட்டவர் பதிவைப் புதுப்பிக்கப் போனேன். "இன்னும் எவ்ளோ நாள் இருப்பீங்க?" என்றார் எழுத்தர். ஒவ்வொரு முறையும் நான் தயங்காமல் மூன்று மாதம் என்பேன். அன்று, "தெரியாது," என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு பழைய பக்கத்தைப் புரட்டி, "மூன்று மாதம்" என்று தாமே எழுதிக்கொண்டு, கையெழுத்துப் போடச் சொன்னார்.

போட்டேன்.