ஜெர்மனி ரயிலும் தென்காசி கரண்டும்

நேற்று மிக்சியில் தேங்காய் அரைக்கையில் மோட்டார் கருகிய வாசனை வந்தது. "ஏங்க, புகையுது!" என்று மனைவி அலறினாள். நானோ மூக்கை விரித்து ரசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஜெர்மனி ரயிலின் மணம் அது.

நான் சிறுவனாக இருந்தபோது, சவூதியிலிருந்து விடுப்பில் வந்த மாமா கொண்டுவந்த பொம்மை ரயில். "பாட்டன் காலத்துலருந்து ஜெர்மனியில இது மட்டுமே செய்யுத கம்பெனி மருமவனே, தானா ஓடும்" என்றார். அது போதாதா? தெரு முழுக்கப் பீற்றினேன். பக்கத்து வீட்டு யூசுப்பிடம், "நீ தொடக்கூடாது, தூர நின்னு பாக்கலாம்" என்று பெரிய மனதோடு அனுமதியும் கொடுத்தேன்.

சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் கூடத்தில் தண்டவாளத்தை வட்டமாகப் பூட்டி, மாமா சுவிட்சைப் போட்டார். ரயில் அசையவில்லை, அதற்குக் கரண்டு கொடுக்கும் பெட்டியிலிருந்து புகைதான் வந்தது. சவூதியின் நூற்றுப்பத்து வோல்ட்டுக்குச் செய்த பெட்டி அது. எங்கள் தென்காசி வீட்டிலோ இருநூற்று இருபது.

"ஏலே, இதுக்கா இம்புட்டு பவுசு?" என்றான் யூசுப். கூடியிருந்த பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். பல்லியாக மாறி உத்தரத்தில் ஒட்டிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு.

மாமாவோ, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு தரையில் குப்புறப் படுத்து, "கூ..." என்று கூவிக்கொண்டே எஞ்சினை விரலால் தள்ளினார். தலையணை அருகே நிறுத்தி, "செங்கோட்டை! எறங்குதவங்க எறங்குங்க" என்றார்.

"மாமா, அடுத்தாப்புல நான் தள்ளுதேன்" என்று முதலில் வந்து படுத்தவன் யூசுப்தான். அவன் பின்னால் தெருவே வரிசை கட்டியது. ரயிலுக்குச் சொந்தக்காரனான எனக்கு முறை வந்தபோது பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள்.