சுமாவுக்கு விழுந்த ஏழு டிக்

ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலையில், நாம் சொன்னதை யாரும் கேட்கவில்லை என்றால் வருத்தமாக இருக்கும். கேட்டுவிட்டார்கள் என்றால் பயமாக இருக்கும். எனக்கு இரண்டும் நடந்திருக்கிறது. கையில் மைக்கோடு நின்று வியர்த்துப்போன அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து என் பக்கம் நின்று படியுங்கள்.

அந்த நாலு வார்த்தை

வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகளுக்கு வகுப்பில் எப்படிக் கைகொடுப்பது என்பதுதான் பயிற்சியின் தலைப்பு. எங்கள் மாவட்டத்தில் கர்நாடக எல்லையை ஒட்டிய பள்ளிகளில் ஒரே பெஞ்சில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் உட்கார்ந்திருக்கும். நான் கம்பைநல்லூர்க்காரி, தமிழைத் தவிர எதுவும் தெரியாது. தெரியாதது வெளியே தெரிந்துவிடுமோ என்ற நடுக்கத்தோடு, நாற்பது ஆசிரியர்கள் முன்னால் ஸ்லைடுகளை நம்பி நின்றேன்.

"பிள்ளையோட வீட்டு மொழியில் நாலு வார்த்தை பேசுங்க, அது போதும்" என்று ஆரம்பித்ததுமே மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு டீச்சர் நோட்டும் பேனாவுமாக எழுந்தார். பெயர் விஜயா, மாரண்டஹள்ளியைத் தாண்டி ஒரு தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுப்பவர். கிண்டல் செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, நிஜமாகவே கேட்டார்.

"மேடம், அந்த நாலு வார்த்தைய நீங்க ஒருக்கா சொல்லிக் காட்டுங்க, எழுதிக்கறேன்."

தலைப்பு மட்டும் புதுசு

பயிற்சி முடிந்து போகிறவர்கள் கையில் ஏதாவது ஒரு படிவத்தைக் கொடுத்தனுப்புவது எங்கள் வழக்கம். கொடுக்காவிட்டால் பயிற்சி நடந்ததாகவே யாரும் நம்ப மாட்டார்கள். மொழி உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டுபிடிக்க ஒரு படிவம் தருகிறேன் என்று காலையில் சொல்லிவிட்டேன். மதியம் வரை தயாரிக்க நேரமில்லை. சாப்பாட்டு இடைவேளையில் கம்ப்யூட்டரைக் குடைந்ததில், கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகளைக் கண்டறிய முன்பு வைத்திருந்த பழைய படிவம் ஒன்று கிடைத்தது.

அதில் ஏழு கேள்விகள். கேட்டால் பதில் சொல்வதில்லையா? சொன்னதைச் செய்வதில்லையா? மற்றவர்களோடு சேராமல் இருக்கிறதா? இந்த மாதிரி. 'ஆம்' என்றால் டிக். நான் தலைப்பை மட்டும் மாற்றினேன். நம்மில் யார் இதைச் செய்ததில்லை? மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள். எங்கள் மையத்தில் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் குமரேசன்தான் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார். ஒரு பிரதியைத் திருப்பிப் பார்த்தவருக்கு ஏக சந்தோஷம்.

"நல்லவேளை மேடம், நமக்குப் பழகின ஃபாரமாப் போச்சு. எங்க ஏத்தறதுன்னு யோசிக்கவே வேண்டியதில்ல."

ஏழுக்கு ஏழு

சில வாரங்கள் கழித்து குமரேசன் வாட்ஸப்பில் ஒரு லிஸ்ட் அனுப்பினார். கற்றல் குறைபாடு இருக்கலாம் என்று சந்தேகப்படும் பிள்ளைகளுக்குத் தருமபுரியில் வியாழக்கிழமை மருத்துவ முகாம். கடைசிப் பெயர் 'சுமா, மூன்றாம் வகுப்பு, ஏழுக்கு ஏழு'. ஆசிரியர் பெயர் விஜயா. பழகின ஃபாரமாயிற்றே என்று, வந்த படிவத்தைக் குமரேசன் கற்றல் குறைபாட்டுக் கணக்கிலேயே ஏற்றிவிட்டிருந்தார். நாற்பது பேரில் என் படிவத்தை ஒழுங்காக நிரப்பி அனுப்பியவர் அவர் ஒருவர்தான்.

மறுநாளே பஸ் பிடித்து அந்தப் பள்ளிக்கு ஓடினேன். வகுப்பில் சுமா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பேர் என்ன என்று கேட்டதற்குத் தன் செருப்பைப் பார்த்தாள். ஒருவேளை நிஜமாகவே ஏதாவது இருக்குமோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இடைவேளையில் மைதானத்தில் ஒரே கூச்சல். பாண்டி ஆட்டத்தில் கோட்டை மிதித்த ஒருத்தியை, இடுப்பில் கைவைத்துக்கொண்டு கன்னடத்தில் வாங்கு வாங்கு என்று வாங்கிக்கொண்டிருந்தாள் சுமா. என் பக்கத்தில் நின்ற விஜயா டீச்சரின் முகம் வெளுத்துப்போயிற்று.

"பள்ளிக்கோடம் தொறந்ததுல இருந்து இவ கொரலையே நான் கேட்டதில்லீங்க மேடம். நீங்க குடுத்த ஃபாரத்துல இருந்த மாதிரியேதானுங்களே இருந்தா!"

ஒரு பட்டன்

பெயரை எடுத்துவிடுங்கள் என்று குமரேசனிடம் கெஞ்சினேன். அவர் பொறுமையாக விளக்கினார். டாக்டர் 'குறைபாடு இல்லை' என்று எழுதினால்தான் பெயர் இறங்கும். முகாமுக்கே வராவிட்டால் பெயர் அப்படியே நிற்கும்; அந்தப் பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போனாலும் கூடவே போகும். வந்தும் வாயைத் திறக்காவிட்டால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. அதை நினைத்துத்தான் இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

"ஏத்தறதுக்குத்தான் மேடம் எனக்குப் பட்டன் குடுத்திருக்காங்க. எறக்கறதுக்குக் குடுக்கலீங்க."

தக்காளி மண்டியில்

சுமாவின் அம்மா ரத்னம்மா மண்டியில் தக்காளி தரம் பிரிக்கிறவர். நான் பேசப் பேச அவர் கை நிற்கவே இல்லை; பழுத்தது ஒரு பெட்டியில், செங்காய் ஒரு பெட்டியில், அடிபட்டது கீழே. பார்த்த மாத்திரத்தில் பிரிக்கிறார், ஒன்றுகூட இடம் மாறவில்லை. நானும் பிள்ளைகளைப் பிரிக்கக் கிளம்பியவள்தானே என்று கூசியது.

முகாம், டாக்டர் என்றதும்தான் கை நின்றது. விஷயத்தைச் சொன்னேன். அந்தப் படிவம் யாருடையது என்பதை மட்டும் சொல்ல வாய் வரவில்லை.

"தமிழு சரியா வர்ற வரைக்கும் ஸ்கூல்ல வாயத் தொறக்காத, சிரிப்பாங்கன்னு நான்தானுங்க சொன்னேன். அம்மா பேச்சக் கேட்டதுக்கா டாக்டருகிட்டப் போவணும்?"

வியாழக்கிழமை

முகாமில் சுமா, ரத்னம்மா, லீவு போட்டுவிட்டு வந்த விஜயா டீச்சர், நான். டாக்டர் தமிழில் அன்பாகத்தான் கேட்டார். பேர் என்ன? என்ன சாப்பிட்டாய்? சுமா செருப்பைப் பார்த்தாள். மூன்றாவது கேள்விக்கும் பதில் இல்லை. டாக்டர் பேனா மூடியைக் கழற்றினார்.

அப்போது விஜயா டீச்சர் கைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். அன்று என்னிடம் கிடைக்காத நாலு வார்த்தையை வகுப்புப் பிள்ளைகளிடமே கேட்டு எழுதி வைத்திருந்தார். எழுத்துக்கூட்டிப் படித்தார்: "சுமா, ஆட்டதல்லி யாரு மோச மாடித்ரு?" ஆட்டத்தில் ஏமாற்றியது யார் என்று கேள்வி. சுமா திடுக்கிட்டு அம்மாவைப் பார்த்தாள். ரத்னம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாத்தாடு மகளே, பேசு" என்றார்.

அப்புறம் யாராலும் நிறுத்த முடியவில்லை. யார் எந்தக் கோட்டை எத்தனை தடவை மிதித்தார்கள் என்று விரல்விட்டு எண்ணிக்காட்டினாள். கொஞ்சம் கன்னடம் தெரிந்த டாக்டர் நடுநடுவே கேள்வி கேட்டுச் சிரித்தார். 'குறைபாடு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிறகு அவர் சுமாவின் பெயரோடு வந்திருந்த என் படிவத்தை எடுத்து, தலைப்பை ஒருமுறையும் கேள்விகளை ஒருமுறையும் நிதானமாகப் படித்தார்.

"கொழந்தைக்கு ஒண்ணுமில்ல, கூட்டிட்டுப் போங்க. இந்த ஃபாரத்தத் தயார் பண்ணவங்கள மட்டும் அடுத்த முகாமுக்கு வரச் சொல்லுங்க."

அது நான்தான் என்று சொல்ல வாய் திறக்காமல் என் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றதில், ஏழு கேள்வியில் முதல் டிக் எனக்கு அங்கேயே விழுந்துவிட்டது.