தாடை விழும் என்று எழுதிக் கொடுத்தவன்

முதலில் என் மடத்தனத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வெளிநாட்டுக்காரருக்கு எழுதும் மெயிலில் பளிச்சென்று ஓர் ஆங்கிலத் தொடரைப் போட்டுவிட்டால் பாதி ஆர்டர் கைக்கு வந்த மாதிரி என்று நம்பியவன் நான். புனே பக்கம் ஆகுர்டியில் பைக் டேங்குகளுக்குப் பெயின்ட் அடிக்கும் தொழிற்சாலையில் இருபது வருடம் குப்பை கொட்டியவன், ஐம்பதைத் தாண்டியவன், இதை நம்பினேன்.

புதிய பெயின்ட் லைனைப் பார்க்க வாடிக்கையாளர் வருவதாக இருந்தது. அவர் சரியென்றால் லைன் ஓடும். வேண்டாமென்றால் லைன் நிற்கும், அதற்குப் பொறுப்பான நானும் வீட்டில் நிற்பேன். மேலாளர் இதை மிக இதமாகச் சொன்னார். அந்த இதம்தான் பயமுறுத்தியது. அந்தப் பயத்தோடு அழைப்பு மெயிலில் எழுதினேன்: எங்கள் டேங்கின் பளபளப்பு ‘ஜா டிராப்பிங்’. அதாவது, பார்ப்பவர் அசந்துபோய்த் தாடை கீழே விழுந்துவிடும். அனுப்பிவிட்டு நானே நாலு தரம் படித்து ரசித்தேன்.

எங்கள் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. வாடிக்கையாளருக்கு எழுத்தில் எதைச் சொன்னாலும் தரப் பிரிவு அதை ஒரு தாளில் ஏற்றிவிடும். சொன்னது என்ன, ஆதாரம் என்ன, பொறுப்பு யார். அந்தப் பிரிவின் தலைவி மராட்டிக்காரர். சிரிக்காமலே ஆளைக் காலி செய்யத் தெரிந்தவர். மறுநாள் வந்த தாளில் பதினான்காவது வரி: பார்ப்பவர் தாடை விழும். ஆதாரம் என்ற கட்டம் காலி. பொறுப்பு என்ற கட்டத்தில் நான்.

ஓடிப்போய்க் கெஞ்சினேன். சும்மா பேச்சுக்கு எழுதியது மேடம், எடுத்துவிடுங்கள் என்றேன். போன வார்த்தையை எடுக்க முடியாது என்றார். பிறகு இந்தியில் நிதானமாகக் கேட்டார், தாடை எத்தனை மில்லிமீட்டர் விழ வேண்டும் என்று.

அன்று மாலை மகளிடம் போனேன். கல்லூரியில் படிக்கிறாள், புனேயிலேயே பிறந்தவள். அந்தத் தொடரை வாக்கியத்தில் எங்கெல்லாம் போடலாம் என்று கேட்டேன். மலை உச்சியிலிருந்து தெரியும் காட்சிக்குப் போடலாமாம். கிரிக்கெட்டில் பாய்ந்து பிடித்த கேட்சுக்கு. கல்யாணத்துக்குத் தோழி கட்டி வந்த புடவைக்கு. பட்டும்படாமல் என் வாக்கியத்தைக் காட்டினேன்.

“அரே அப்பா, இது பாக்கறவங்க சொல்றது. செஞ்சவங்களே சொல்லக் கூடாது.”

“சொன்னா என்னவாம்?”

“நீயே கண்ணாடி முன்னாடி நின்னு, ‘நான் செம ஹேண்ட்சம்’னு சொல்ற மாதிரி இருக்கும். ஆபீஸ்ல யாருக்கும் அனுப்பிடலயே?”

இல்லை என்று பொய் சொன்னேன்.

வந்த வாடிக்கையாளர் ஆறடி உயரம். கேட்டில் இறங்கியதிலிருந்து நான் பார்த்ததெல்லாம் அவர் தாடையை மட்டும்தான். சதுரமான, போல்ட் போட்டு இறுக்கிய தாடை. பெயின்ட் கூடத்துக்குள் நுழைய முகக்கவசம் கட்டாயம். அதை மாட்டியதும் தாடை மறைந்தது. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. பக்கத்தில் தரப் பிரிவுத் தலைவி தாளோடு நிற்பதைப் பார்த்ததும் அதுவும் போனது.

அவர் ஒரு டேங்கை எடுத்து விளக்குக்கு நேராகத் திருப்பினார். வைத்தார். அடுத்ததை எடுத்தார். மூன்றாவதில் விரல் ஓரிடத்தில் நின்றது. மூடிக்குப் பக்கத்தில் ஒரு தூசிப் பொட்டு. மேலாளர் என்னைப் பார்த்தார். நான் டேங்கைப் பார்த்தேன். வேறு வேலைக்கு விண்ணப்பம் எழுதுவதுபோல் மனத்துக்குள் ஒரு கடிதம் ஆரம்பித்தேன், இந்தத் தடவை அலங்காரமே இல்லாமல்.

அப்புறம் வாடிக்கையாளர் தாளைக் கேட்டார். வரி வரியாகப் படித்தார். பதினான்கில் பேனா நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, அந்த வரியைக் கோடு போட்டு அடித்தார். அடித்துவிட்டு, பெயின்டின் தடிமனை அளக்கும் கருவியைக் கொண்டுவரச் சொன்னார்.

பத்து டேங்குகளை அளந்தார். பத்திலும் தடிமன் சரியாக இருந்தது. பொட்டு விழுந்ததை மட்டும் மறுபடி பெயின்ட் அடிக்கச் சொன்னார். நாங்கள் இரண்டு வருட ஆர்டர் கேட்டிருந்தோம். ஆறு மாதத்துக்குக் கொடுத்தார்.