எண்பத்தைந்து கிராம் ஏலக்காய்

சின்னமனூரில் ஏலக்காயை டப்பாவில் அடைத்து ஆன்லைனில் விற்கிறேன். குமுளிக்கு மேலே என் மச்சினன் தோட்டத்துக் காய். ஒரே ஒரு பெரிய கம்பெனியின் ஆப்பில்தான் விற்பனை. வாங்குகிறவர்கள் எல்லாம் அங்கேதான் இருக்கிறார்கள், வேறு எங்கே போவது?

போன மாதம் அந்தக் கம்பெனி ஒரு படிவம் அனுப்பியது. போட்டிச் சட்டப்படி நடக்கிறார்களாம். விற்பனையாளர்களின் விவரங்களைப் பார்த்துத் தங்கள் சொந்தச் சரக்கைத் தயாரிப்பதில்லையாம். 'இதில் எனக்குப் புகார் இல்லை' என்று நான் உறுதி செய்ய வேண்டுமாம். கீழே ஒரே ஒரு பட்டன். புகார் இருக்கிறது என்று சொல்ல இடமே இல்லை.

எனக்குப் புகார் இருந்தது. தொழில் தொடங்கும்போது காயை அளந்து பார்க்காமல் டப்பாக்களை மொத்தமாக வாங்கிவிட்டேன். முட்டாள்தனம். எங்கள் காய் எட்டு மில்லிமீட்டர் ரகம், பருத்தது; நூறு கிராம் உள்ளே போகவில்லை. அமுக்கினால் தோல் வெடித்தது. எண்பத்தைந்தோடு மூடியைப் போட்டேன். வேறு எவனும் அந்த எடையில் விற்று நான் பார்த்ததில்லை. டப்பா நன்றாக ஓட ஆரம்பித்ததும் கம்பெனியே தன் பெயரில் ஏலக்காய் இறக்கியது. டப்பா இல்லை, கவரில் போட்டிருந்தார்கள். கவரில் எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம். போட்டது எண்பத்தைந்து கிராம்.

பட்டனை அமுக்கவில்லை. கம்பெனியிலிருந்து ஒருவர் போன் செய்தார்.

"சார், கம்ப்ளையன்ஸ் ஃபார்ம் பெண்டிங் காட்டுது. ஒரு கிளிக்தான் சார்."

"உங்க ஏலக்காய் ஏன் எண்பத்தஞ்சு கிராம்?"

"அது வேற டீம் சார்."

"அந்த டீமுக்கு என் வியாபாரம் தெரியுமா?"

"தெரியாது சார். நடுவுல சுவர் மாதிரி இருக்கு."

"சுவத்துல ஜன்னல் எத்தனை?"

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. போனை வைத்துவிட்டேன்.

லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த என் மனைவி நிமிர்ந்தாள். "ஏங்க, அமுக்கித் தொலைங்க. அவுக கோவிச்சுக்கிட்டு நம்மளக் கடைசிப் பக்கத்துல தூக்கிப் போட்டா யாரு தேடி வருவாக?"

அவள் பயம் நியாயம்தான். எங்களுக்கு வேறு வருமானம் கிடையாது.

"அமுக்குனா, அவுக எதையும் எடுக்கலன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிரும்."

"அப்ப புகாரை எழுதிப் போடுங்க. சும்மா போன்ல கத்தாதீக."

எழுதினேன். டப்பா வாங்கிய பில், அவர்களுடைய கவரின் போட்டோ, இரண்டையும் சேர்த்து, இதையெல்லாம் விசாரிக்கிற டெல்லி அலுவலகத்துக்கு அனுப்பினேன். கம்பெனிக்கும் ஒரு நகல்.

மறுவாரம் ஆப்பில் 'ஏலக்காய்' என்று தேடினேன். எப்போதும் முதல் பக்கத்தில் இருக்கிற நான் நாலாவது பக்கத்தில் கிடந்தேன். அதே ஆளுக்குப் போன் போட்டேன். "சீசன் அப்படி சார்" என்றார். அவர்களுடைய ஏலக்காய்க்கும் அதே சீசன்தான். அது முதலில் நின்றது.

இரண்டு பக்கங்களையும் படம் பிடித்து டெல்லிக்கு அனுப்பிவிட்டேன். பட்டனை இன்னும் அமுக்கவில்லை.